கைப்பையில் தொங்கும் பச்சைக்கிளி: குரோஷேயில் எங்கே பிசகியது?

கிளியைப் பின்னி முடித்துப் பையில் மாட்டிய அன்று எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். பத்து நாள் போகட்டும். கழுத்துப் பக்கம் வெள்ளைப் பஞ்சு எட்டிப் பார்க்கும், வால் ஜிப்பில் சிக்கிப் பிசிறாகியிருக்கும், தலையில் தைத்த வளையம் ஒரு கண்ணியையே வெளியே இழுத்துக்கொண்டு நிற்கும். என் முதல் கிளி பேருந்துக் கூட்டத்தில் விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால் பையில் வளையமும் நாலு அங்குலப் பச்சை நூலும்தான் இருந்தன. அலமாரியில் உட்காரும் பொம்மைக்குப் போதுமான பின்னல், பையில் தொங்கும் பொம்மைக்குப் போதாது என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன். இது நாள் முழுக்க இழுபடும், உரசும், நனையும். அதனால் கீழே ஒவ்வொரு பிழைக்கும் நான் சொல்லும் தீர்வு, இந்த மூன்றையும் தாங்குமா என்று பார்த்துச் சொல்வது.

பேச ஓர் அளவு வேண்டும். நான் பின்னுவது 4 ப்ளை (நான்கு இழை) அக்ரிலிக் நூலில், 2.5 மி.மீ. குரோஷே ஊசியில், அதாவது முனையில் கொக்கி உள்ள ஊசியில். தலை உச்சியில் தொடங்கி அடிவரை ஒரே துண்டு, முட்டை வடிவம். முதல் நான்கு சுற்றுகள் 6, 12, 18, 24 கண்ணிகள். அடுத்த ஐந்து சுற்றுகள் கூட்டாமல் குறைக்காமல் 24. பத்தாவது சுற்றில் 30 ஆக்கி, பதினைந்தாவது சுற்று முடியும்வரை 30. பிறகு 24, 18, 12, 6 எனக் குறைத்து மூடிவிடலாம். மொத்தம் 19 சுற்று, 420 கண்ணி. உள்ளங்கையில் அடங்கும் உடல். இறக்கை, வால், அலகு எல்லாம் தனியாகப் பின்னித் தைப்பது. கண்ணி என்று நான் எழுதுமிடமெல்லாம் ஒரு சிங்கிள் குரோஷே, அதாவது குட்டையான அடிப்படைக் கண்ணி, என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாறு சுற்றிலேயே கிளி நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டது, பின்னல் வலை மாதிரி இருக்கிறது

உங்கள் கை மேல் தவறில்லை, பெயரில் குழப்பம். பிரிட்டிஷ் முறையில் 'டபுள் குரோஷே' என்று எழுதுவதும் அமெரிக்க முறையில் 'சிங்கிள் குரோஷே' என்று எழுதுவதும் ஒன்றே. பழைய பிரிட்டிஷ் புத்தகத்தில் 'டபுள்' என்று படித்துவிட்டு, வீடியோவில் கற்ற அமெரிக்க டபுளைப் போட்டால் ஒவ்வொரு சுற்றும் இரண்டு மடங்குக்கு மேல் உயரும், இடையிடையே சந்து விழும். குறிப்பில் 'சிங்கிள்' என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பெரும்பாலும் அமெரிக்க முறை, ஏனென்றால் இன்றைய பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயர் வழக்கத்தில் இல்லை. பின்னிய வரை பிரித்துவிடுங்கள், இதைச் சரிக்கட்ட வேறு வழியில்லை.

பஞ்சு தெரிகிறது

அதிகம் பேர் தடுமாறும் இடம் இதுதான். காரணமும் ஒன்றல்ல, நாலைந்து. பஞ்சு அடைப்பதற்கு முன்பே இதைக் கண்டுபிடித்துவிடலாம். பத்தாவது சுற்று முடிந்ததும் கிண்ணம் போலிருக்கும் பின்னலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ஊசிமுனை அளவு பொட்டுகளாக வெளிச்சம் வந்தால் பரவாயில்லை. கடுகு நுழையும் அளவு தெரிந்தால் பஞ்சு வரும்.

எங்கே பார்த்தாலும் ஒரே சீராக ஓட்டை என்றால், உங்கள் கை இறுக்கத்துக்கு ஊசி பெரியது. நூல் உருண்டையின் காகிதப் பட்டையில் எழுதியிருக்கும் ஊசி அளவு ஸ்வெட்டருக்கும் மப்ளருக்கும் சொன்னது. பொம்மைக்கு அதைவிட ஒன்றிரண்டு அளவு சிறியதை எடுக்க வேண்டும். 2.5 மி.மீ. உங்களுக்குத் தளர்ந்தால் 2 மி.மீ. எடுத்துப் பாருங்கள். நூலை வலிந்து இறுக்கிப் பிடித்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், மணிக்கட்டு வலிக்கும், ஊசியும் கண்ணிக்குள் நுழையாது.

ஊசி மாற்றிய பிறகும் தளர்வாக இருந்தால், நூலை எடுக்கும் விதத்தைக் கவனியுங்கள். கண்ணிக்குள் ஊசியை விட்டபின் நூலை ஊசிமேல் சுற்றி எடுப்பது பொது வழக்கம். அப்படி எடுத்தால் கண்ணி 'வி' போல் விழும். சுற்றாமல், ஊசியை நூலுக்கு மேலாகக் கொண்டுபோய்க் கொக்கியால் அதைப் பிடித்து இழுத்தால் கண்ணி பெருக்கல் குறி போல் விழும். இது நெருக்கமானது, சுற்றுகள் சாய்வதும் குறையும். பையில் தொங்கும் எதற்கும் நான் இப்போது இந்த முறையைத்தான் பயன்படுத்துகிறேன். ஒன்று மட்டும் மறக்கக்கூடாது: பாதிக் கிளி ஒரு முறையிலும் மீதி இன்னொரு முறையிலும் பின்னினால் இடுப்பில் கோடு போட்ட மாதிரி தெரியும்.

ஓட்டை கீழ்ப்பாதியில் மட்டும், அதுவும் ஆறு இடத்தில் வரிசையாகத் தெரிகிறது என்றால் அது குறைக்கும் இடம். இரண்டு கண்ணிகளை முழுசாகப் பிடித்துச் சேர்த்தால் பக்கத்தில் பள்ளம் விழத்தான் செய்யும். அடுத்த இரண்டு கண்ணிகளின் முன்பக்க இழையில் மட்டும் ஊசியை நுழையுங்கள். நூலை எடுத்து அந்த இரண்டு இழை வழியாகவும் இழுங்கள். மறுபடி நூல் எடுத்து ஊசியில் இருக்கும் இரண்டையும் முடியுங்கள். எங்கே குறைத்தோம் என்று நமக்கே தேடவேண்டியிருக்கும்.

பின்னல் நெருக்கமாக இருந்தும் பஞ்சு அடைத்தபின் விரிகிறதா? அளவுக்கு மீறி அடைத்துவிட்டீர்கள். விரலால் அழுத்தினால் அமுங்கி, எடுத்ததும் பழையபடி எழ வேண்டும். கல் மாதிரி இருந்தால் கொஞ்சம் உருவிவிடுங்கள். இலவம்பஞ்சு வீட்டில் இருக்கிறதே என்று சிலர் அதை அடைக்கிறார்கள். தலையணைக்கு அதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை, ஆனால் அதன் இழை வழவழப்பாய், பொடிப்பொடியாய் இருப்பதால் கண்ணிச் சந்து வழியே வந்துகொண்டே இருக்கும். நனைந்தால் கட்டியும் பிடிக்கும். தலையணைக் கடையில் கிடைக்கும் பாலியஸ்டர் பஞ்சு இழை நீண்டது, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், கழுவினாலும் சீக்கிரம் காயும்.

முடித்த கிளியில் பஞ்சு தெரிந்தால் பிரிக்க மனம் வராது, புரிகிறது. அடிப்பக்கம் மூடிய ஆறு கண்ணியை மட்டும் திறந்து பஞ்சை உருவி, பச்சை நிற ரவிக்கைத் துணித் துண்டில் சின்ன மூட்டையாகக் கட்டித் திரும்ப நுழையுங்கள். ஓட்டை அப்படியே இருக்கும், கண்ணுக்குப் பச்சைதான் தெரியும்.

வெளிப்பக்கம் குறுக்குக் கோடுகளாக இருக்கிறது

உள்பக்கம் வெளியே இருக்கிறது. வலது கைக்காரர்கள் கிண்ணத்தின் தூரத்து விளிம்பில் பின்னிக்கொண்டு போனால் இப்படி ஆகும். ஆறாவது, ஏழாவது சுற்றுக்குள் காலுறையைத் திருப்புவது போல் திருப்பிவிட்டு, இனி உங்கள் நெஞ்சுக்கு அருகிலுள்ள விளிம்பில் பின்னுங்கள். கண் பொருத்திய பின் திருப்ப முடியாது.

இருபத்துநாலு வரவேண்டிய சுற்றில் இருபத்துமூன்றோ இருபத்தைந்தோ வருகிறது

சுற்றின் முதல் கண்ணியில் அடையாளம் வைக்காமல் பின்னினால் இது எல்லோருக்கும் வரும். மார்க்கர் இல்லையென்றால் ஒரு சேஃப்டி பின் போதும். வேறு நிற நூல் துண்டு அதைவிட நல்லது. ஒவ்வொரு சுற்றுத் தொடக்கத்திலும் அதை முன்னும் பின்னுமாக மாற்றிப்போட்டுக்கொண்டே போனால், முடிவில் அதுவே சுற்றுகளை எண்ணிக் காட்டும் தையலாக நிற்கும்.

எண்ணிக்கை தவறியது தெரிந்தால் பிரிப்பதா, சமாளிப்பதா? என் வழக்கம் இது. முதல் நான்கு சுற்றில் தவறினால் பிரிப்பேன், யோசிப்பதே இல்லை. அங்கே ஒரு கண்ணி போனால் அதற்கு மேல் கூட்டுவதெல்லாம் இடம் மாறி, தலை ஒரு பக்கம் புடைக்கும். ஐந்திலிருந்து பதினைந்து வரை ஒன்று கூடியோ குறைந்தோ இருந்தால் அடுத்த சுற்றில், இறக்கை மூடும் இடத்தில், ஒன்றைச் சேர்த்தோ குறைத்தோ சரிசெய்துவிடலாம். இரண்டுக்கு மேல் என்றால் தவறு எங்கே நடந்தது என்று தெரியும்வரை பிரித்துத்தான் ஆகவேண்டும். கணக்கில் விட்டுப்போவது பெரும்பாலும் சுற்றின் கடைசிக் கண்ணி. அடையாள நூலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும்.

தலை உருண்டையாக இல்லை, ஆறு மூலை தெரிகிறது

ஒவ்வொரு சுற்றிலும் ஒரே நேர்க்கோட்டில் கண்ணி கூட்டியதால் வருவது. நான்காவது சுற்றில் 'இரண்டு சாதா, ஒரு கூட்டு' (கூட்டு என்றால் ஒரே கண்ணிக்குள் இரண்டு போடுவது) என்று ஆறு முறை போடுவதற்குப் பதிலாக, 'ஒரு சாதா, ஒரு கூட்டு, ஒரு சாதா' என்று ஆறு முறை போடுங்கள். எண்ணிக்கை அதே 24, மூலைகள் கலைந்துவிடும்.

தலை உச்சியில் ஓட்டை விரிகிறது

மேஜிக் ரிங், அதாவது முதல் ஆறு கண்ணியைப் போட்டு இழுத்து இறுக்கும் நூல் வளையம், தளர்கிறது. மற்றப் பொம்மைகளில் இது சின்ன விஷயம், இங்கே அப்படியல்ல. தொங்கவிடும் நூல் வெளியே வருவது இந்த இடத்தில்தான். தொடக்கத்தில் விரலைச் சுற்றி நூலை ஒரு முறைக்குப் பதில் இரண்டு முறை சுற்றி அதற்குள் ஆறு கண்ணியைப் போடுங்கள். இழுத்து இறுக்கிய பிறகு மிச்ச நூலை உள்பக்கமாக அந்த ஆறு கண்ணியின் அடியிலும் தையல் ஊசியால் கோத்து இன்னொரு சுற்று கொண்டுவந்து முடிச்சிடுங்கள்.

முகம் கிளி மாதிரி இல்லை

கண் இரண்டும் ஒரே சுற்றில், சரியாக எண்ணித்தான் வைத்தேன், ஆனாலும் கோணலாக இருக்கிறது என்று கேட்பார்கள். சுழலாகப் பின்னும்போது ஒவ்வொரு சுற்றின் கண்ணியும் கீழுள்ள கண்ணிக்கு நேர்மேலே உட்காராது, கொஞ்சம் ஒதுங்கியே உட்காரும். அதனால் பின்னல் காட்டும் 'நேர்க்கோடு' உண்மையில் சாய்கோடு. எண்ணுவதைவிட்டு உங்கள் பார்வையை நம்புங்கள். தலையில் தற்காலிகமாகப் பஞ்சை அடைத்து, நிறத் தலைக் குண்டூசி இரண்டைக் குத்தி, கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பாருங்கள். திருப்தியான பிறகே பஞ்சை எடுத்துவிட்டுக் கண்ணைப் பொருத்துங்கள். 6 மி.மீ. பிளாஸ்டிக் கண்ணின் பின்வில்லையை ஒருமுறை அழுத்தி ஏற்றிவிட்டால் கழற்ற முடியாது. என் அளவுக்கு ஆறாவது, ஏழாவது சுற்றுக்கு நடுவில், இரண்டு கண்ணுக்கும் இடையே எட்டுக் கண்ணி சரியாக வருகிறது. மூன்று வயதுக்குள் குழந்தை இருக்கும் வீட்டுக்குப் போகிற கிளி என்றால் பிளாஸ்டிக் கண்ணே வேண்டாம், கறுப்பு நூலால் தைத்துவிடுங்கள். அம்மாவின் பைதான் குழந்தையின் கை முதலில் போகுமிடம்.

கண் சரியாக இருந்தும் கோழிக்குஞ்சு போலிருக்கிறதா? அப்படியானால் அலகு. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கையில் நாள்தோறும் புதிதாகக் கட்டி வைக்கும் இலைக்கிளிக்கு மாதுளம்பூதான் அலகு. இலைக்கட்டு ஒன்று கிளியாக மாறுவது அந்தச் சிவப்பு வைத்த பிறகுதான். நம் கிளிக்கும் அப்படியே. அலகு கீழ்நோக்கி வளைய வேண்டும், நேராக முன்னால் நீட்டினால் அது வேறு பறவை. சிவப்பு நூலில் நாலு கண்ணி ரிங், அடுத்த சுற்றில் ஆறு. மூன்றாவது சுற்றில் மூன்று கண்ணியை ஸ்லிப் ஸ்டிச்சாகவும் (நூலை எடுத்து ஒரே இழுப்பில் முடிக்கும், உயரமில்லாத கண்ணி) மூன்றைச் சிங்கிளாகவும் போடுங்கள். ஸ்லிப் ஸ்டிச் பக்கம் குட்டையாகி அலகு அந்தப் பக்கம் வளையும். அந்தப் பக்கத்தைக் கீழே வைத்து, கண்ணின் மட்டத்திலேயே அலகின் மேல்விளிம்பு தொடங்கும்படி தைத்துவிடுங்கள். இன்னும் மேலே ஏறினால் முகம் கடுமையாகிவிடும்.

கழுத்து வளையத்தில் படி விழுகிறது

ஆண்கிளியின் கழுத்தில் கறுப்பும் ரோஜா நிறமுமாக ஒரு கோடு உண்டு. அதைப் பின்னலிலேயே நிறம் மாற்றிப் போட்டால், சுற்று சுழலாக ஏறுவதால் தொடக்கமும் முடிவும் சேராமல் படிக்கட்டு மாதிரி நிற்கும். முந்தைய கண்ணியின் கடைசி இழுப்பிலேயே புது நிறத்தை எடுத்தால் படி சிறுத்துவிடும், ஆனால் மறையாது. நான் அந்த வழியை விட்டுவிட்டேன். முழுப் பச்சையாகப் பின்னி முடித்து, கண்ணிகளின் மேலேயே ஊசிநூலால் சங்கிலித் தையல் போட்டால் வளையம் சீராக அமையும், பிடிக்கவில்லையென்றால் பிரிக்கவும் எளிது. பெண்கிளிக்கு இந்த வளையம் தெளிவாக இருக்காது, அதனால் போடாமல் விட்டாலும் உங்கள் கிளி கிளிதான்.

வால் சுருளுகிறது, இறக்கை குழிகிறது

வாலுக்கு முதலில் போட்ட சங்கிலி இறுக்கமாகிவிட்டது. சங்கிலியை மட்டும் அரை மி.மீ. பெரிய ஊசியால் போட்டு, திரும்பி வரும்போது பழைய ஊசிக்கு மாறுங்கள். இஸ்திரிப் பெட்டியை நேராக வைத்து நிமிர்த்தப் பார்க்காதீர்கள், அக்ரிலிக் உருகித் துவண்டுவிடும். அப்புறம் எதுவும் செய்ய முடியாது.

இறக்கைக்கு 18 கண்ணிவரை தட்டையான வட்டம் பின்னி இரண்டாக மடித்தால் போதும். வட்டம் கிண்ணம் போல் குழிந்தால் எங்கோ கூட்ட மறந்திருக்கிறீர்கள், அப்பளம் போல் அலையலையாக எழுந்தால் அதிகமாகக் கூட்டியிருக்கிறீர்கள்.

வால் நீளத்தில் கொஞ்சம் மனதை அடக்க வேண்டும். நிஜக் கிளியின் அழகே அந்த நீள வால்தான், ஆனால் 6 செ.மீ.க்கு மேல் போனால் ஜிப் அதை விடாது. நான் 5 செ.மீ.யோடு நிறுத்தி, ஒற்றைத் தகடாக இல்லாமல் குழாயாகப் பின்னித் தட்டையாக அழுத்தித் தைக்கிறேன். இரட்டை அடுக்கு என்பதால் மாட்டினாலும் பிய்யாது.

மாட்டினால் கிளி வானத்தைப் பார்க்கிறது

வாலின் எடை பின்னால் இழுக்கிறது. தொங்கும் புள்ளியை வால் பக்கமாக ஒன்றிரண்டு கண்ணி நகர்த்தினால் முகம் தானாக இறங்கும். குனிந்து தரையைப் பார்த்தால், புள்ளியை நெற்றிப் பக்கம் நகர்த்துங்கள். நிரந்தரமாகத் தைப்பதற்கு முன் ஒரு சாதா நூலைக் கோத்துத் தூக்கிப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் இடம் தெரிந்துவிடும். எடைக்காக அரிசியோ பயறோ உள்ளே போடுபவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம், பூச்சி வரும், நனைந்தால் ஊறும்.

வளையம் பிய்ந்து வருகிறது

நான் கிளியைத் தொலைத்தது இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தலை உச்சியில் நாலைந்து தையல் போட்டு வளையத்தைக் கட்டினால், முழு இழுப்பும் ஒரே கண்ணியில் விழுகிறது. பேருந்தில் ஏறும்போது யாருடைய பையிலாவது மாட்டி ஒரு வெட்டு வெட்டினால் அந்தக் கண்ணி நீளும், அடுத்த வெட்டில் அறுந்துபோகும். தையலைப் பத்தாக்கினாலும் பயன் இல்லை, ஏனென்றால் அறுவது தையல் அல்ல, அடியிலிருக்கும் பின்னல்.

இழுப்பை உடல் முழுக்கப் பரப்ப வேண்டும். அதற்கு ஒரு சட்டைப் பொத்தான் போதும். கெட்டியான நைலான் நூலை இரட்டையாக மடித்து, நடுவில் பொத்தானைக் கோத்துக்கொள்ளுங்கள். அடிப்பக்கம் 12 கண்ணியாகக் குறைந்த நிலையில், பொத்தான் உள்ளே அடிப்பாகத்தில் இருக்கும்படி, நீளத் தையல் ஊசியால் நூலின் இரண்டு நுனியையும் பஞ்சு நடுவே செலுத்தித் தலை உச்சியில் வெளியே எடுங்கள். பொத்தானுக்குக் கீழே கொஞ்சம் பஞ்சு வைத்துக் கடைசிச் சுற்றைப் பின்னி மூடிவிடுங்கள். இப்போது வளையத்தை இழுத்தால் பொத்தான் மேலெழும்பிப் பஞ்சை அழுத்தும், பஞ்சு பின்னல் முழுவதிலும் அழுத்தும். தனிக் கண்ணி எதன் மேலும் பாரம் இல்லை. ஏற்கெனவே முடித்த கிளிக்கும் அடியைத் திறந்து இதைச் செய்யலாம்.

அடுத்தது வளையம். வாய் திறந்த ஒற்றைக் கம்பி வளையம் அழகாக இருக்கும், ஆனால் வாய் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து நூல் நழுவிவிடும். சாவிக்கொத்தில் வரும் இரட்டைச் சுற்று வளையத்தைப் போடுங்கள். அதோடு சேரும் கொக்கி, ஸ்பிரிங் வைத்த உலோகக் கொக்கியாக இருக்கட்டும். பிளாஸ்டிக் கொக்கியின் நாக்கு சில மாதங்களில் உடைகிறது. கொக்கியின் கழுத்து சுழலுமாறு இருந்தால் நூல் முறுக்கேறாது.

மழையில் நனைந்ததும் பச்சையில் சிவப்புத் திட்டு

அலகின் சாயம் கசிந்திருக்கிறது. அக்ரிலிக் நூலில் இது அநேகமாக வராது, சிவப்புப் பருத்தி நூலில்தான் வரும். பின்னும் முன்பே ஒரு சாண் நூலை வெந்நீரில் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். வினிகரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பார்கள், பருத்திக்கு அதை நம்ப வேண்டாம். திட்டு விழுந்துவிட்டால் காயவிடாமல் உடனே குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டு அலசுங்கள், அலகைப் பிரித்துவிட்டு அக்ரிலிக்கில் புதிதாகப் பின்னித் தையுங்கள்.

நனைந்த கிளியை முறுக்கிப் பிழியக்கூடாது. துண்டில் சுற்றி உள்ளங்கையால் அழுத்தி, வளையத்தால் கொடியில் மாட்டி நிழலில் காயவிடுங்கள். வெளிப்பக்கம் காய்ந்தது போலிருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். மழைக்காலத்தில் இரண்டு நாள் மின்விசிறிக்குக் கீழே தொங்கட்டும். விரலால் வயிற்றை அழுத்தி மூக்கருகே பிடித்துப் பாருங்கள். ஈர வாடை இல்லையென்றால் பையில் மாட்டலாம்.